எனக்கு ஓட்டுப் போடுங்க

சித்தி ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்ற தேர்தலில் சின்னம் ஒதுக்கிய மறுநாள், 2019 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கே சித்தி குளித்துவிட்டுக் கத்தரிப்பூ நிறச் சேலையில் வாசலில் நின்றார். கையில் பழைய திண்டுக்கல் பூட்டு ஒன்றும் அதன் சாவியும். சின்னம் பூட்டு சாவி. சைக்கிள் ஹேண்டில்பாரில் அந்தப் பூட்டைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டோம். நான், சித்தி, அவருடைய சுய உதவிக் குழுவில் இருந்து நாலு பெண்கள். கிளம்பினோம்.

பதினோரு மணிக்குள் நாற்பது வீடு ஏறி இறங்கியிருப்போம். மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே தண்ணீர் குடிக்க நின்றபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அதுவரை ஒரு வீட்டிலும் சித்தி தனக்கென்று ஓட்டுக் கேட்கவில்லை. "பூட்டு சாவிக்குப் போட்ருங்க அப்பத்தா" என்றார். "நம்மளுக்குத்தான், மறந்துடாதீக அண்ணே" என்றார். ஒரு வீட்டில் "மாமாவுக்காகப் பாத்துப் போடுங்க" என்றுகூடச் சொன்னார். மாமா என்றால் என் சித்தப்பா. அவர் அப்போது கடைவீதியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சித்தி, யாருக்கு ஓட்டுக் கேக்குறீங்க?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாய் வரமாட்டேங்குது பாப்பா" என்றார். "எனக்குன்னு யார்கிட்ட என்ன கேட்டுருக்கேன், இத்தனை வருசத்துல?"

ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல்முறை தேர்தலில் நிற்கும் பெண்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் அந்தத் தண்ணீர்த் தொட்டி நிழலும் அந்த வார்த்தையும்தான் எனக்கு முன்னால் வருகின்றன.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், கறம்பக்குடிப் பக்கம். சித்தி நிற்பதற்கு விதை விழுந்தது கஜா புயலில். 2018 நவம்பர் 16 விடியற்காலை அடித்த புயல். தென்னை, பலா, ஓட்டு வீடு, கரண்டுக் கம்பம் என்று ஒரே இரவில் எல்லாம் படுத்துவிட்டன. கரண்டு இல்லை என்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் தொட்டியில் தண்ணீர் இல்லை. போய்க் கேட்க ஊரில் பிரசிடெண்டும் இல்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, அதன்பிறகு மூன்று வருஷம் தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர் என்று ஒருவர். அவருக்கு எங்கள் ஊரைப் போலப் பல ஊர். பாவம், அவர்தான் எத்தனை ஊருக்கு ஓடுவார்?

சித்தி அப்போது பதினோரு வருஷமாகச் சுய உதவிக் குழு ஊக்குநர். வீட்டுக்கு முப்பது ரூபாய் வசூலித்து, மணிக்கணக்கு வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து, மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பினார்கள். எந்தத் தெருவுக்கு எந்த நேரம் தண்ணீர், யார் பணம் கொடுத்தார், யார் கொடுக்க முடியவில்லை, டீசல் எத்தனை லிட்டர், எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில். பத்தொன்பது நாள் கணக்கு. அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. அட்டையில் மண்ணெண்ணெய்க் கறை.

அடுத்த வருஷம் தேர்தல் அறிவிப்பு வந்தபோது எங்கள் ஊராட்சி "பெண்கள், பொது" என்று ஒதுக்கப்பட்டிருந்தது. 1994 சட்டத்தில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. 1996 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. 2016-ல் சட்டத்தைத் திருத்திப் பாதி இடம் என்று ஆக்கினார்கள். அந்தப் பாதியோடு நடந்த முதல் ஊராட்சித் தேர்தல் இந்த 2019 தேர்தல்தான். கோயில் திடலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். அறுபது எழுபது ஆண்கள். யார் வீட்டுப் பெண்ணை நிறுத்துவது என்று பேச்சு. பெண்கள் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு பழைய பிரசிடெண்டின் மருமகளை நிறுத்துவது, மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது என்று முடிவானது. அந்த மருமகளுக்கு அப்போது வயது இருபத்தாறு. அவளையும் யாரும் கேட்கவில்லை என்பது பிற்பாடு அவளே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்தத் தேர்தலில் தலைவர் பதவியை ஏலம் விட்ட ஊர்கள் பற்றியெல்லாம் செய்தி வந்தது. எங்கள் ஊரில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் ஊர் ஒரு முடிவு எடுத்தபின் அதை மீறி ஒருவர் மனுப்போடுவது லேசான காரியமா? குழுப் பெண்கள்தான் விடவில்லை. "நோட்டு எழுதுனது யாரு, நிக்கிறது யாரு?" என்று கேட்டார்கள். சித்தப்பா ஒருநாள் இரவு முழுக்க யோசித்தார். காலையில், "பங்காளிக மொகத்துல முழிக்கணும். பரவாயில்ல, முழிச்சுக்கிறேன்" என்றார். அந்த மனிதரைப் பற்றி இந்த ஒரு வரி போதும் என்று நினைக்கிறேன்.

மனுப்போட ஒன்றிய அலுவலகம் போனோம். டெபாசிட் 600 ரூபாய், வீட்டு வரி ரசீது, வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண், முன்மொழிய ஒருவர். இதெல்லாம் சுலபம். உறுதிமொழிப் பத்திரம் எழுதும்போதுதான் சித்தி தடுமாறினார். வேட்பாளர் பெயரில் உள்ள சொத்து என்ன என்று ஒரு பகுதி. எழுதிக்கொடுத்தவர் வரிசையாகக் கேட்டார். நிலம்? மாமனார் பெயரில். வீடு? சித்தப்பா பெயரில். வாகனம்? டி.வி.எஸ்., அதுவும் சித்தப்பா பெயரில். நகை? தாலிக்கொடி மூன்று பவுன், தோடு அரைப் பவுன், அந்தத் தோடும் கூட்டுறவு வங்கியில் அடகில். வங்கிக் கணக்கு? நூறு நாள் வேலைச் சம்பளம் வரும் கணக்கில் 1,140 ரூபாய்.

"சைக்கிள் எழுதலாமா?" என்று சித்தி கேட்டார். எழுதுபவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தேவையில்லை என்றார்.

அந்தச் சைக்கிளை அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1991-92-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். எழுத்துக் கற்றுக்கொடுத்ததோடு பெண்களைச் சைக்கிளும் ஓட்டவைத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள், கல் உடைப்பவர்கள், நாற்று நடுபவர்கள், எல்லோரும். சித்திக்கு அப்போது இருபது வயது. பார் வைத்த ஆண்கள் சைக்கிளில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பொட்டல் வெளியில் கற்றுக்கொண்டவர். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தபோது அவர் கேட்டு வாங்கிய ஒரே சீர் சைக்கிள். யோசித்துப் பார்த்தால் அது ஒன்றைத்தான் அவர் தனக்கென்று கேட்டிருக்கிறார். அது பத்திரத்தில் ஏறவில்லை.

நோட்டீஸ் அடிக்கப் போன அச்சகத்தில் "அண்ணன் போட்டோ குடுங்க" என்றார்கள். கணவர் படம் இல்லாமல் பெண் வேட்பாளர் நோட்டீஸ் அதுவரை அவர்கள் அடித்ததே இல்லையாம். "எம் மூஞ்சி எதுக்கு? நானா நிக்கிறேன்?" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். ஆயிரம் நோட்டீஸ், ஒரே நிறம், சித்தி கைகூப்பி நிற்கும் படம், கீழே பூட்டு சாவி. எதிர்த்தரப்பு நோட்டீஸ் பல வண்ணம். அதில் மாமனார் பெரிதாக, கணவர் அடுத்து, அந்தப் பெண் ஓரத்தில் பாஸ்போர்ட் அளவில் இருந்தாள்.

நான் நகரத்தில் வேலை பார்க்கிறவள், ஒரு வாரம் லீவு போட்டு வந்திருந்தேன். அந்த வாரத்தில்தான் ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. பெண்கள் நிற்பதில் உள்ள சங்கடங்களைப் பலரும் எழுதியிருக்கிறார்கள், இதை அதிகம் பேசி நான் பார்த்ததில்லை. கல்யாணமான பெண் நிற்பது புருஷன் ஊரில். அவரைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள், கூடப் படித்தவர்கள், அண்ணன் தம்பி, அத்தை மாமா எல்லோருக்கும் ஓட்டு வேறு ஊரில். சித்தியின் பிறந்த ஊர் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி. அங்கே நின்றிருந்தால் வீட்டுக்கு வீடு அவரை இன்னாரின் மகள் என்று சொல்ல ஆள் இருந்திருக்கும். இங்கே வந்து இருபத்தைந்து வருஷம் ஆன பின்னும் "வாக்கப்பட்டு வந்தவ". இங்கே அவருக்கு இருக்கும் உறவெல்லாம் சித்தப்பா வழி உறவு. அந்த உறவு பங்காளி வகையறா பக்கம் சாய்ந்தால் சித்திக்கென்று ஒரு தெரு கிடையாது. ஆண் வேட்பாளருக்கு இந்தப் பிரச்சினை இல்லவே இல்லை, அவன் பிறந்ததும் நிற்பதும் ஒரே ஊர். கட்டிக்கொண்டு வந்த ஊரில் ஒரு பெண் தானே சம்பாதித்த உறவு என்ன இருக்கும்? குழு, நூறு நாள் வேலை இடம், ரேஷன் வரிசை, பள்ளிக்கூட வாசல். சித்தி நம்பி நின்றது அந்த உறவை.

முத்துலட்சுமி ரெட்டி பிறந்தது எங்கள் புதுக்கோட்டையில்தான். பையன்கள் படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்புக்கு நடுவே படித்து, டாக்டராகி, 1927-ல் சென்னை சட்ட மேலவைக்குள் போனவர். சின்ன வயதில் அவர் பெயரைச் சொல்லித்தான் எங்களைப் படிக்க விரட்டினார்கள். ஆனால் அவர் நியமன உறுப்பினர், ஓட்டுக் கேட்டுப் போனவரில்லை. அதே மேலவைக்கு 1926 தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் நின்றார், கொஞ்ச ஓட்டில் தோற்றார். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததே 1921-ல். தேர்தலில் நிற்கும் உரிமைக்கு இன்னும் ஐந்து வருஷம் பிடித்தது. அந்த உரிமை கிடைத்த சூட்டோடு போய் நின்றாரே, அவருக்கும் முதல் வாசலில் வாய் வராமல் இருந்திருக்குமா என்று அந்த வாரம் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

சித்திக்கு வாய் வந்தது காலனியில்.

மூன்றாம் நாள் சாயங்காலம் காலனிக்குப் போனோம். குழுப் பெண்களில் இரண்டு பேர் வரவில்லை, வேலை இருக்கிறது என்றார்கள். என்ன வேலை என்று எல்லோருக்கும் தெரியும். முதல் வீட்டில் ஓர் அம்மா, ஐம்பது வயது இருக்கும், முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். சித்தி வழக்கம்போல "பூட்டு சாவிக்கு..." என்று ஆரம்பித்தார். அந்த அம்மா முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்:

"புயலப்ப தண்ணி விட்டீங்களே, எங்க தெருவுக்கு எத்தனாவது நாள் விட்டீங்க?"

சித்தி நோட்டு எழுதியவர், அவருக்குத் தெரியும். மற்ற தெருக்களுக்கு இரண்டாம் நாளே தண்ணீர் போனது. காலனிக்கு ஐந்தாம் நாள். குழாய் உடைந்திருந்தது என்று ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"அஞ்சாவது நாளு" என்றார் சித்தி. "தப்புதான். கொழாயி ஒடஞ்சிருந்துச்சு, ஆனா மொத நாளே ஒட்டியிருக்கலாம். நான்தான் சொல்லல." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு ஓட்டுப் போடுங்க. இன்னொரு தடவை அப்படி நடக்காம நான் பாத்துக்கறேன்."

அந்த அம்மா போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. முறத்தை ஒருமுறை தட்டிவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். சித்தி வாங்கிக் குடித்தார். இருபத்தைந்து வருஷத்தில் அந்தத் தெருவில் அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தது அதுதான் முதல்தடவை என்று வரும் வழியில் சொன்னார். அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. அவர் குரல் அடைத்திருந்தது.

அதற்கப்புறம் ஒரு வீட்டிலும் அவருக்கு அந்த வார்த்தை தடைப்படவில்லை. தான் செய்ததையும் செய்யத் தவறியதையும் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் "எனக்கு" என்ற சொல் அவருக்கு வந்தது. ஒதுக்கீடு வாசலைத் திறந்தது. அது இல்லாமல் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி மனுப்போட்டிருக்கவே முடியாது. அதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வாசலில் நின்று தன் பெயரைத் தானே சொல்லும் துணிச்சல் தனியாக வரவேண்டியிருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் அது வேறு வேறு இடத்தில் வருகிறது.

தலைவர் பதவிக்குச் செலவு வரம்பு 34,000 ரூபாய். சித்தியின் நோட்டுக் கணக்கு 21,400-ல் நின்றது. கடைசி இரண்டு நாளில் எதிர்த்தரப்பில் பதினோரு ஆட்டோ ஓடியது, ராத்திரியில் கவரும் போனது. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை.

ஜனவரி 2, ஓட்டு எண்ணிக்கை. ஊராட்சித் தேர்தலில் ஒருவருக்கு நாலு சீட்டு. தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்குத் தனியாக ஒன்று. நிறம் நிறமாகப் பிரித்து எண்ணி முடிக்க நள்ளிரவு தாண்டியது. பனியில் சித்தி ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 58 ஓட்டில் தோற்றார். காலனி இருக்கும் வார்டில் மட்டும் அவர்தான் முதல்.

அழுவார் என்று எதிர்பார்த்தேன். "எழுநூத்திச் சொச்சம் பேரு எம் பேருக்கு நேரா குத்தியிருக்காக பாப்பா" என்றார். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். டெபாசிட் 600 ரூபாயைப் பிற்பாடு போய்த் திருப்பி வாங்கிக் குழுக் கணக்கில் போட்டார்.

அந்தத் தேர்தலில் மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில் வீரம்மாள் 79 வயதில் ஜெயித்தார். அதற்கு முன் இரண்டு தடவை நின்று தோற்றவர். செய்தித்தாளில் அவர் படம் வந்ததும் சித்தி வெட்டி எடுத்து, புயல் நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

ஜெயிப்பதோடு முடிகிற கதையும் இல்லை இது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ராஜேஸ்வரி, மன்றக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தரையில் உட்காரவைக்கப்பட்டார். 2020 அக்டோபரில் அந்தப் படம் வெளியானபோது நாடே பார்த்தது. அதே வருஷம் சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் அமிர்தம் கொடியேற்றத் தடுக்கப்பட்டார், பிறகு கலெக்டர் வந்து அவரை ஏற்றவைத்தார். திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்தில் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி 2011-ல் வெட்டுப்பட்டு உயிர் பிழைத்தவர். மூன்று பேரும் தலித் பெண்கள். ஒரே நாற்காலிதான், ஆனால் சித்தி அதற்குப் போட்டியிட்டதும் இவர்கள் அதில் உட்கார்ந்ததும் ஒன்றாகாது. சித்திக்கு வாய் வராமல் போனதோடு முடிந்தது, இவர்களுக்கு அவமானம் வந்தது, ஒருவருக்கு உயிருக்கே ஆபத்து வந்தது. இதை எழுதும்போது அந்த உளுந்து முறம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் எங்கள் ஊரில் மனுப்போட்டால் எத்தனை வாசல் திறக்கும்?

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன். ஜெயித்த மருமகளை ஊரில் யாரும் பிரசிடெண்டு என்று சொல்லவில்லை. மாமனாரைத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். அவளைக் குறிக்க "பிரசிடெண்டு மருமக". 2020 ஜனவரி 26 கிராம சபையில் மாமனார் பேசினார், மாமனார் பதில் சொன்னார், அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். சித்தி அன்று ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டார்.

அப்புறம் கொரோனா. கூட்டமே இல்லை. 2021 அக்டோபர் 2 கிராம சபைக்குச் சித்தி நோட்டோடு போனார். காலனிக் குழாய்க்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், வேலை ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டார். மாமனார் எழுந்தார்.

"மாமா, நீங்க ஒக்காருங்க" என்றார் சித்தி. "பிரசிடெண்டு பதில் சொல்லட்டும்."

அந்த இடம் அப்படியே அமைதியாகிவிட்டது என்று குழுப் பெண்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அந்தப் பெண் எழுந்தாள். கை நடுங்கியிருக்கிறது. ஊராட்சி செயலரிடம் கணக்குப் புத்தகத்தை வாங்கினாள், பக்கம் தேடினாள், படித்தாள். தொகையைச் சொன்னாள். செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், துணைத் தலைவர் இரண்டு மாதமாகப் போடவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். மாமனாருக்கே அது தெரியாதாம். துணைத் தலைவர் அந்த வாரமே கையெழுத்துப் போட்டார்.

அவளை எதிர்த்து நின்றவர்தான் அவளை எழுப்பிவிட்டார். நான் அன்று அங்கே இல்லையே என்று எனக்கு இன்னும் வருத்தம்தான்.

எங்கள் பக்கம் உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்தது. மறுபடி தனி அலுவலர் வந்துவிட்டார். சட்டமன்றத்துக்குப் போனால் கதை இன்னும் மோசம், 2021-ல் 234 பேரில் பெண்கள் 12 பேர். மூன்றில் ஒரு பங்குக்கு 2023-ல் சட்டத் திருத்தம் நிறைவேற்றினார்கள், ஆனால் அதைத் தொகுதி மறுவரையறையோடு முடிச்சுப் போட்டும் வைத்தார்கள். ஊராட்சியில் இத்தனை வருஷம் பழகிய பெண்களை வைத்துக்கொண்டு மேலே ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

பதவிக்காலம் முடிந்த பத்தாவது நாள், மாட்டுப் பொங்கலுக்கு ஊரில் இருந்தேன். சாயங்காலம் வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. அவள்தான், முன்னாள் பிரசிடெண்டு. கூட யாரும் இல்லை. ஒரு பாத்திரத்தில் பொங்கல் கொண்டுவந்திருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவள் நேராகக் கேட்டாள்.

"அயித்தே, அடுத்த தடவை நிப்பீங்களா?"

"நிப்பேன். நீ?"

"நானும் நிப்பேன். போன தடவை உங்க தெருவுக்கு நான் வரவே இல்ல, மாமாதான் வந்தாக. இந்தத் தடவை நானே வந்து கேப்பேன்."

"வா" என்றார் சித்தி. "டீ போட்டுக் குடுக்குறேன். ஓட்டுதான் போட மாட்டேன்."